சூட்டைப் பிடித்துக்கொண்ட மனிதர்: ஆல்ஃப்ரெட் கார்ச்சர்

போன வருஷம் செமஸ்டர் லீவுல எங்க அப்பார்ட்மென்ட் சுவரை நான் கெடுத்து வெச்சேன். வேணும்னு செய்யல. நாலு மாடி, இருபத்திநாலு வீடு, வடக்குப் பக்கச் சுவர் முழுக்க கருப்பா பாசி. மழைக்கு முன்னாடி கழுவிடலாம்னு அசோசியேஷன்ல முடிவு பண்ணி, செகரட்டரி அங்கிள் ஒரு பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்துட்டு வந்தார். மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்கிற ஒரே தகுதியில் கன் என் கைக்கு வந்தது.

கூட நாலு நாசில் கொடுத்திருந்தாங்க. இருக்கிறதிலேயே மெல்லிசா, ஊசி மாதிரி அடிக்கிறதை எடுத்து மாட்டினேன். பிரஷரை முழுசா ஏத்தினேன். சுவருக்கு ஒரு சாண் தூரத்துல நின்னு அடிச்சேன். பாசி போச்சு. கூடவே பெயிண்ட் போச்சு, பெயிண்டுக்குக் கீழ இருந்த பட்டியும் போச்சு. பத்து நிமிஷம் கழிச்சு தள்ளி நின்னு பார்த்தா சுவர்ல வரிக்குதிரை மாதிரி கோடு கோடா இருக்கு. முதல் மாடியில ஜன்னல் இடுக்கு வழியா தண்ணி போய் ஒருத்தர் மெத்தை நனைஞ்சது. கீழ மீட்டர் போர்டுக்குள்ள சாரல் போய் ட்ரிப் ஆச்சு. காலையில ஒன்பது மணி, எல்லாரும் வேலைக்குக் கிளம்புற நேரம், லிஃப்ட் நின்னுடுச்சு. பெயிண்ட் துகள் கலந்த வெள்ளைத் தண்ணி ஓடிப்போய் மழைநீர் சேகரிப்புக் குழியில விழுந்ததை மதியம்தான் கவனிச்சோம்.

மெஷின் மேல தப்பு இல்ல. திட்டம்னு ஒண்ணே இல்ல, அதுதான் தப்பு.

அன்னிக்கு ராத்திரி குற்ற உணர்ச்சியில உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். எங்க போனாலும் ஒரே பேர் வந்தது. மஞ்சள் மெஷின்ல கருப்புல எழுதியிருக்குமே, கார்ச்சர். பேரை கெர்ஷர், கெர்ஹர்னு ஜெர்மன்காரங்க வேற மாதிரி சொல்வாங்க. நம்ம ஊர்ல கார்ச்சர்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதுறேன். அது ஒரு கம்பெனி பேர்னு மட்டும்தான் அதுவரைக்கும் நெனச்சிருந்தேன். அது ஒரு மனுஷனோட பேர். அவரும் நம்ம மாதிரி ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்டா இருந்தவர்.

ஆல்ஃப்ரெட் கார்ச்சர் 1901 மார்ச் 27 அன்று பாடன்-பாடனில் பிறந்தார். தென்மேற்கு ஜெர்மனியில், கறுப்புக் காடு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. ஊரின் பேரிலேயே குளியல் இருக்கு. பூமிக்கு அடியிலிருந்து தானாகவே சூடாக வருகிற ஊற்றுத் தண்ணிக்காக ரோமானியர் காலத்திலிருந்தே ஜனங்கள் தேடி வந்த ஊர். வாழ்க்கை முழுக்க எதையாவது சூடாக்கிக்கொண்டே இருந்த ஒருவர் வெந்நீர் ஊற்று ஊரில் பிறந்தது தற்செயல்தான். ஆனாலும் எழுதாம விட மனசு வரல.

அவர் பதின்ம வயதில் இருந்தபோது முதல் உலகப்போர் நடந்து முடிந்தது. தோற்ற ஜெர்மனியில், பணம் காகிதமாகிக்கொண்டிருந்த வருஷங்களில், ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார். 1923ல் அங்கே பணவீக்கம் எந்த அளவுக்குப் போனதுன்னா, காலையில் வாங்கின சம்பளம் சாயந்திரத்துக்குள் மதிப்பிழந்தது. அந்தச் சூழலில் டிகிரி முடித்து வெளியே வந்தவர் நேராக அப்பாவின் நிறுவனத்தில் சேர்ந்தார். அது பெரிய ஃபேக்டரி இல்ல, மற்றவர்கள் தயாரித்ததை விற்றுக் கொடுக்கிற அலுவலகம். மகன் வந்த பிறகு மெல்ல மெல்ல டிசைன் செய்கிற இடமாக மாறியது.

அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பு கழுவுகிற மெஷின் இல்ல. உலை. சால்ட் பாத் ஃபர்னஸ்.

மெட்டலர்ஜி லேப் ரெக்கார்டை காப்பி அடிக்காம எழுதினவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அலுமினியம் கலந்த இலேசான உலோகக் கலவைகளைக் கெட்டிப்படுத்தணும்னா, சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கி, சில நிமிஷம் வெச்சு, சட்டென்று தண்ணியில போடணும். கஷ்டம் என்னன்னா அந்தச் சூடு எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருக்கணும். கொஞ்சம் குறைஞ்சா கெட்டியாகாது. கொஞ்சம் கூடினா ஓரங்கள் உருக ஆரம்பிச்சிடும். காத்துச் சூடு சமமா பரவாது. அதனால உப்பை உருக்கி, அந்தத் திரவத்துக்குள்ள உலோகத்தை முக்கி எடுப்பாங்க. வடையை எண்ணெய்ல போடுற மாதிரின்னு வெச்சுக்கோங்க, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல சூடு பிடிக்கும். உருகின உப்பை ஒரே வெப்பநிலையில் பிடித்து வைத்திருக்கிறதுதான் கார்ச்சர் தீர்த்த சிக்கல். அந்த உலைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1935ல் ஸ்டுட்கார்ட்டின் பாட் கான்ஸ்டாட் பகுதியில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1939ல் அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வின்னெண்டன் என்கிற சின்ன ஊருக்கு மாறினார். தலைமையகம் இன்னமும் அங்கேதான் இருக்கு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். 1935, ஜெர்மனி. அந்த வருஷம் மார்ச்சில்தான் ஹிட்லரின் அரசு, தன்னிடம் விமானப்படை இருப்பதாக உலகத்துக்கு வெளிப்படையாக அறிவித்தது. அலுமினியக் கலவையைக் கெட்டிப்படுத்துகிற உலை அந்த வருஷங்களில் எந்தத் தொழிலுக்கு ரொம்பத் தேவைப்பட்டிருக்கும்னு யோசிக்க பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அடுத்து அவர் நிறுவனம் செய்தது விமான என்ஜினையும் விமானத்தின் உள்ளறையையும் சூடாக்குகிற ஹீட்டர்கள். குளிரில் உறைந்துபோன என்ஜின் ஆயில் கூழாகிவிடும், ஸ்டார்ட் ஆகாது. அதை முதலில் சூடாக்கணும். இன்ஜினியரிங்கா பார்த்தா அழகான பிராப்ளம். அந்த என்ஜின் கிளம்பி எங்க போச்சுங்கிறது வேற விஷயம்.

விளம்பர வீடியோக்களில் இந்தப் பகுதி ஒரு வரியில கடந்து போயிடுது. 1935ல ஆரம்பிச்சார், 1950ல கழுவுற மெஷின் செஞ்சார்னு ஒரே தாவல். நடுவுல பதினஞ்சு வருஷம், அதில ஒரு உலகப்போர். அவரை வில்லன்னு எழுதுற அளவுக்கு எனக்கு ஆதாரம் இல்ல. ஹீரோன்னு எழுதவும் முடியல. நல்லா வேலை தெரிஞ்ச ஒரு இன்ஜினியர், தனக்கு வந்த ஆர்டரைச் செஞ்சார். அந்த வாக்கியம் எனக்கு ஏன் உறுத்துதுன்னா, இன்னும் ஆறு மாசத்துல நானும் அதைத்தான் செய்யப்போறேன்.

1945ல் எல்லாம் முடிந்தது. ஸ்டுட்கார்ட் குண்டு வீச்சில் நொறுங்கிக் கிடந்தது. விமானமே செய்யக்கூடாது என்கிற நிலையில் இருந்த நாட்டில் விமான ஹீட்டருக்கு யார் வருவாங்க? கையில் பட்டறை இருக்கு, ஆட்கள் இருக்காங்க, செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போ ஜனங்களுக்கு என்ன தேவையோ அதைச் செய்ய ஆரம்பித்தார் கார்ச்சர். வட்டமான இரும்புக் கணப்பு அடுப்பு, சின்னச் சமையல் அடுப்பு, கைவண்டி, டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுற ட்ரெய்லர். 500 டிகிரி உப்பை ஒரே அளவில் பிடித்து வைத்த ஆள் தள்ளுவண்டி செய்தார். எனக்கு அவர் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். இதைப் பத்தி ஒரு வீடியோவும் யாரும் போடல.

வின்னெண்டன் இருந்த பகுதி அமெரிக்க ராணுவத்தின் கட்டுப்பாட்டில் வந்திருந்தது. அமெரிக்கர்களிடம் வண்டிகளின் கிரீஸையும் சேற்றையும் நீராவியால் கழுவுகிற மெஷின்கள் இருந்தன. அந்த யோசனை அவங்க நாட்டுடையது. 1920களின் பிற்பகுதியிலேயே பிட்ஸ்பர்க் பக்கம் ஃப்ராங்க் ஆஃபெல்ட் என்பவர் அப்படி ஒரு நீராவி மெஷினைச் செய்திருந்தார். ராணுவத்தின் நீராவி மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை கார்ச்சரின் பட்டறைக்கு வந்தது. ரிப்பேருக்கு வந்த பொருளைப் பிரித்துப் பார்க்கும்போது, இதை நானே வேற மாதிரி செய்யலாமேன்னு ஒரு இன்ஜினியருக்குத் தோணாம இருக்காது.

நீராவியில் ஒரு குறை இருக்கு. நாசிலை விட்டு வெளியே வந்ததும் காத்தோட கலந்து சீக்கிரம் ஆறிடும். சுவரைப் போய்த் தொடும்போது பாதி சூடு போயிருக்கும், தள்ளுகிற பலமும் இருக்காது. அதுக்குப் பதிலா, கொதிக்கிற நிலைக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற தண்ணியை அழுத்தத்தோட அடிச்சா? தண்ணிக்கு எடை இருக்கு, அதனால உந்துவிசை இருக்கு. சூட்டையும் சுமந்துகிட்டுப் போகும். 1950ல் அப்படி ஒரு மெஷின் வெளியே வந்தது. பேர் டிஎஸ் 350. ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவும் மெஷின் அதுதான்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ரெண்டாவது வருஷ ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் போதும். இந்தக் காலத்து மெஷின் ஒண்ணை எடுத்துப்போம்: 150 பார், நிமிஷத்துக்கு 10 லிட்டர். பெர்னூலி சமன்பாட்டுல போட்டா, நாசிலை விட்டு வெளியே வர தண்ணியோட வேகம் விநாடிக்கு சுமார் 173 மீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல. நான் ஒரு சாண் தூரத்துல நின்னு சுவர் மேல அடிச்சது இதைத்தான். பட்டி பேர்ந்ததுல ஆச்சரியம் இல்ல. கன்னைப் பிடிச்சிருக்கிற கையில பின்னாடி தள்ளுற விசை கிட்டத்தட்ட 3 கிலோ எடை அளவு. தரையில நிக்கும்போது இது ஒண்ணுமே இல்ல. ஏணி மேல நின்னு டிரிக்கரை அழுத்தினா அந்த 3 கிலோ ஆளைச் சாய்க்கப் போதும். ஏணி மேல ஏறி பிரஷர் வாஷர் பிடிக்காதேன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

அடுத்த கணக்குதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 150 பாருக்கு 10 லிட்டரைத் தள்ள பம்ப் கொடுக்கிற பவர் 2.5 கிலோவாட். அதே 10 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வேணும்? சுமார் 35 கிலோவாட். பதினாலு மடங்கு! நம்ம வீட்டு 2 கிலோவாட் கீஸரை பதினேழு வரிசையா வெச்சு எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடுற மாதிரி. எந்த வீட்டு பிளக் பாயிண்ட்டும் இதைத் தாங்காது. அதனாலதான் வெந்நீர் மெஷின்ல எண்ணெய் பர்னர் இருக்கு. சுருட்டி வெச்ச குழாய்க்குள்ள தண்ணி ஓடும், நடுவுல நெருப்பு எரியும், ஒரு சுத்து சுத்தி வரதுக்குள்ள தண்ணி சூடாகி வெளியே போயிடணும். சூடு குறைஞ்சா பிரயோஜனம் இல்ல. எங்கேயாவது ஓட்டம் நின்னா குழாய்க்குள்ளேயே கொதிச்சு வெடிக்கும். உலை கட்டினவர், விமான ஹீட்டர் செஞ்சவர், வட்ட அடுப்பு செஞ்சவர்: அந்தப் பர்னரைச் செய்யத் தேவையான எல்லாத்தையும் அவர் ஏற்கெனவே ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்திருந்தார். அவர் தண்ணி சூடாக்கிய முறைதான் இன்னிக்கும் தங்கள் பர்னர்களுக்கு அடிப்படைன்னு அந்த நிறுவனம் சொல்லுது.

பிரஷர் வாஷர்னு நாம பேர் வெச்சுட்டோம். அந்தப் பேர்தான் நம்மை ஏமாத்துது. பேர்ல பிரஷர் இருக்கவும், கையில கிடைச்சதும் பிரஷரை ஏத்துறோம். கார்ச்சர் செஞ்சதுல பிரஷர் சின்னப் பங்கு, சூடுதான் பெரும் பங்கு. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற தட்டை பச்சைத் தண்ணியில எவ்வளவு அழுத்தித் தேய்ச்சாலும் போகாது, வெந்நீர்ல தானா வழுக்கிட்டுப் போகும். அம்மாக்களுக்கு எல்லாம் இது தெரியும். இதையே ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்கிற வேதியியலாளர் ஒரு வட்டமா வரைந்து காட்டினார். கழுவுறதுக்கு நாலு விஷயம் வேணும்: தேய்க்கிற பலம், சூடு, சோப்பு, நேரம். வட்டத்துல ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணைக் கூட்டணும், ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணைக் குறைச்சுக்கலாம். நான் அன்னிக்கு நாலுல மூணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் முழுசா ஏத்தினேன்.

கார்ச்சர் அந்த மெஷினின் பெரிய வெற்றியைப் பார்க்கவில்லை. 1959 செப்டம்பர் 17 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். வயது 58. நிறுவனம் அப்போ உலகப் புகழ் எல்லாம் இல்ல. வீட்டில் மனைவி ஐரீன், இரண்டு பிள்ளைகள்.

இந்த இடத்தில் கதை பெரும்பாலும் இரண்டு வழியில் போகும்: கம்பெனியை வித்துடுவாங்க, இல்ல மூடிடுவாங்க. ஐரீன் கார்ச்சர் இரண்டும் செய்யவில்லை. தானே நாற்காலியில் உட்கார்ந்தார். 1950களின் ஜெர்மனியில் கல்யாணமான பெண் வேலைக்குப் போறதே பேசுபொருள். சட்டமே கணவன் பக்கம் சாய்ந்திருந்த காலம். ஆம்பளைங்க மட்டுமே இருந்த மெஷின் தொழிலில் 1989ல் இறக்கும் வரை முப்பது வருஷம் நடத்தினார். 1962ல் பிரான்ஸில் முதல் வெளிநாட்டுக் கிளை, 1975ல் பிரேசிலில் தொழிற்சாலை. எல்லாவற்றையும் விட முக்கியமான முடிவு 1974ல் வந்தது. பல வகைப் பொருளைச் செய்துகொண்டிருந்த நிறுவனம், இனிமே உயர் அழுத்தக் கழுவும் மெஷின்தான் நம்ம தொழில்னு அதில் மட்டும் கவனம் வைக்க ஆரம்பித்தது. நீலமாக இருந்த மெஷின்கள் மஞ்சளானதும் அந்தச் சமயத்தில்தான். 1984ல் வீட்டு ஆட்களும் தூக்கிட்டுப் போகிற மாதிரி ஹெச்டி 555 வந்தது. ஆல்ஃப்ரெட்டின் கதைன்னு தலைப்பு வெச்சுட்டு இவங்களுக்கு ஒரு பத்திதான் கொடுத்திருக்கேன். இவங்களுக்குத் தனியா ஒரு கட்டுரை யாராவது எழுதணும். ஜூனியர்ஸ் கவனிக்க.

1980ல் ரியோ டி ஜெனிரோவில் மலை மேல் கை விரித்து நிற்கிற இயேசு சிலையை இந்த நிறுவனம் சுத்தம் செய்தது. 1931ல் திறக்கப்பட்ட, 30 மீட்டர் உயரச் சிலை. உள்ளே கான்கிரீட், வெளியே ஒட்டியிருப்பது மாக்கல் சில்லுகள். கல்சட்டி செய்வாங்களே, அதே மாக்கல். நகத்தால் கீறினாலே கோடு விழும். அதுல போய் நான் எங்க சுவர்ல செஞ்ச மாதிரி 150 பார்ல ஊசி நாசில் வெச்சா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பார்க்கவே பயமா இருக்கு.

2005ல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலை. நாலு ஜனாதிபதிகளின் முகம், ஒவ்வொன்றும் 18 மீட்டர் உயரம், கிரானைட். அறுபது வருஷத்துக்கு மேல படிஞ்ச பாசியும் லைக்கனும். லைக்கன்னா வேற ஒண்ணும் இல்ல, செட்டிநாட்டு மசாலாவுல போடுற கல்பாசியோட சொந்தக்காரங்கதான். பாறையின் நுண்ணிய இடுக்குகளில் வேர் மாதிரி இறங்கி, அமிலம் விட்டு, மெல்ல மெல்ல கல்லைத் தின்னும். கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் இறங்கிக் கழுவினாங்க. கெமிக்கல் எதுவும் போடல, வெந்நீர் மட்டும். கிரானைட் மாதிரி கெட்டியான கல் கிடைச்சும் அழுத்தத்தை நம்பாம சூட்டை நம்பினாங்க என்பதைக் கவனிங்க. லைக்கன் உயிருள்ளது. சூடு பட்டா செத்துப்போய் பிடியை விடும். அப்புறம் தள்ளி விடுறதுக்குக் கொஞ்சம் தண்ணி ஓட்டம் போதும்.

இந்த மாதிரி வேலைகளில் கழுவுற நேரத்தை விட யோசிக்கிற நேரம் அதிகம். எது எந்தக் கல், அதுல படிஞ்சிருக்கிறது தூசா, புகையா, உயிருள்ள பாசியா, தண்ணி எங்கிருந்து வரும், அழுக்குத் தண்ணி எங்க போகும், கீழ யார் நடப்பாங்க. முதல்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில ஒரு அடிக்கு ஒரு அடி அடிச்சுப் பார்த்து, காயவிட்டு, அதுக்கப்புறம்தான் முகத்துக்கு வருவாங்க. ஒரு கடைத்தெருவுக்கும் அப்பார்ட்மென்ட்டுக்கும் இதே கேள்விகள்தான். அங்கே கூடுதலா மனுஷங்க இருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம். கடைன்னா திறக்கிறதுக்கு முன்னாடி முடிக்கணும். பல பேர் சேர்ந்து இருக்கிற இடம்னா, ஒருத்தர் ஜன்னலை மூட மறந்தாக்கூட அது என் தப்பு ஆகிடும்.

பேருக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லணும். நாம ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி, ஜெர்மன்காரங்க கார்ச்சர் பண்றாங்க. மொழியில அது வினைச்சொல் ஆகிடுச்சு. பிரெஞ்சிலும் எந்த பிரஷர் வாஷரும் கார்ச்சர்தான். 2005ல் அப்போ உள்துறை அமைச்சராக இருந்த நிக்கோலா சார்க்கோஸி, பாரிஸுக்கு வெளியே, குடியேறிகள் நிறையப் பேர் வாழ்கிற லா கூர்னவ் பகுதியில் ஒரு சிறுவன் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததையடுத்து அங்கே போனபோது, அந்த இடத்தையே கார்ச்சர் வெச்சுக் கழுவப்போவதாகச் சொன்னார். மனுஷங்களை அழுக்குன்னு சொன்ன மாதிரி அது கேட்டது; பெரிய சர்ச்சை ஆச்சு. எங்க பேரை இதுக்கு இழுக்காதீங்கன்னு நிறுவனமே எதிர்ப்பு தெரிவிக்க வேண்டி வந்தது. ஆல்ஃப்ரெட் இறந்து அப்போ நாற்பத்தாறு வருஷம். 1935லும் ஜெர்மனியில் மனுஷங்களை அழுக்குன்னு சொல்லிக்கிட்டு ஒரு அரசு இருந்தது, அப்போ அவர் உலை செய்துகொண்டிருந்தார். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்காம என்னால இந்தக் கட்டுரையை எழுத முடியல. அவ்வளவுதான், அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

பொங்கலுக்கு முன்னாடி எங்க அசோசியேஷன் மீட்டிங்ல இன்னொரு தடவை பேச்சு வந்தது. தெற்குப் பக்கச் சுவர் பாக்கி இருந்தது. நானே எழுந்து கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் சொல்லல. மெத்தை நனைஞ்ச வீட்டு ஆன்ட்டிதான் சரி செய்யட்டும்னு விட்டாங்க.

இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாடியே லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டினேன். நாள், நேரம், எந்தப் பக்கம், ஜன்னல் மூடணும், துணி காயப்போடக் கூடாது, பைக்கை எங்க நிறுத்தணும். சுவர்ல ஏற்கெனவே விரிசல் இருக்கிற இடத்தை எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், அப்புறம் நீதான் உடைச்சேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. மீட்டர் போர்டுக்கு பாலிதீன் சுத்தி டேப் போட்டோம், அந்தப் பக்கத்து லைன் சப்ளையை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஆஃப் பண்ணார். மழைநீர்க் குழிக்குப் போற வாயை மணல் மூட்டை வெச்சு அடைச்சு, தண்ணியை ஒரு தொட்டியில தேக்கி, வண்டல் அடியில படிஞ்ச பிறகு வெளியேத்தினோம். வெந்நீர் மெஷின் வாடகைக்கு எங்கேயும் கிடைக்கல. சூடு இல்லேன்னா நேரத்தைக் கூட்டணும், சின்னர் வட்டம். முந்தின நாள் சாயந்திரமே பாசி கொல்லுற கரைசலை அடிச்சு ஊற விட்டோம். காலையில கருப்பா இருந்தது பழுப்பாகி இருந்தது.

தண்ணி டேங்க்குக்குப் பின்னாடி ஒரு சதுர அடி அடிச்சுப் பார்த்தேன். விசிறி மாதிரி விரியுற 40 டிகிரி நாசில், ரெண்டு அடி தூரம், அழுத்தம் பாதிக்கும் கீழ. பெயிண்ட் அப்படியே இருந்தது. அதுக்கப்புறம் மேலிருந்து கீழ வந்தோம். மேல் மாடிகளுக்கு ஏணி வேண்டாம்னு சாரம் கட்டினவங்க ரெண்டு பேர் வந்திருந்தாங்க, அவங்க வேலை என்னை விட நல்லா இருந்தது. காலையில பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு மூணு மணிக்கு முடிஞ்சுது. லிஃப்ட் ஓடிக்கிட்டே இருந்தது.

வடக்குச் சுவர்ல என் வரிக்குதிரைக் கோடு இன்னும் அப்படியேதான் இருக்கு. பெயிண்ட் அடிக்க அசோசியேஷன்ல பணம் இல்லையாம். பாசி மறுபடி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு, பட்டி பேர்ந்த கோடுகள்ல முதல்ல.